சாகிற வரைக்கும் ரிசென்ட்

“அக்கா, நாளைக்கு சார் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நான் போயிடறேன். அம்மாகிட்ட நீங்கதான் பக்குவமா சொல்லணும்.”

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து காபியை ஊதிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். விஷயம் கேள்விப்பட்டு அடித்துப் பிடித்து ஊரிலிருந்து வந்தவள். ரயில் பை இன்னும் தோளிலேயே கிடந்தது. உள்ளே படுத்திருப்பவர் அவளுடைய அப்பா. சின்னவளுக்கு அவர் ‘சார்’. அம்மா அவரை மறுமணம் செய்துகொண்டு ஒரு வருஷம் ஆகியும் வேறு முறை சொல்லிக் கூப்பிட அவளுக்கு நாக்கு எழவில்லை.

“எங்கே போவே?”

“ஹாஸ்டல்ல சேர்த்துடுங்க. அவரா அனுப்பறதுக்குள்ள நானே போயிட்டா கொஞ்சமாவது மானம் மிஞ்சும்.”

“பதினஞ்சு வயசுக்கு மானம் வேறயா! உட்காரு. என்னதான் ஆச்சு?”

சின்னவள் கைக்குட்டையை முறுக்கினாள். “அன்னிக்கு அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. சார் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார். ‘வெறும் வாய்வு, யாரையும் கூப்பிடாதே’ன்னு உள்ளேயிருந்து ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. நாற்காலியைத் தூக்கிக் கதவை உடைச்சுட்டேன்.”

“நாற்காலியாலயா? பலே!”

“சிரிக்காதீங்கக்கா. தரை பூரா அவர் வார்த்தை வார்த்தையா எழுதி வெச்ச ஆபீஸ் சீட்டுங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வரிசை. பறந்துடும்னு ஃபேன்கூடப் போட மாட்டாரே! ஸ்ட்ரெச்சர் வரணுமேன்னு எல்லாத்தையும் காலால ஒதுக்கிட்டேன். மிச்சத்தை ஆம்புலன்ஸ்காரங்க மிதிச்சுட்டாங்க. மாசக்கணக்குல அடுக்கினது.”

“அதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார்டி.”

“நீங்க வேற! இன்னிக்குக் காலையில அவர் ஆபீஸ்காரங்க வந்திருந்தாங்க. நானும் அம்மாவும் பக்கத்துலயே நிக்கறோம். அத்தனை பேர் முன்னாடியும் என்னைக் காட்டி, அவரோட இங்கிலீஷ்ல, ‘இவ ரொம்ப அஃபிஷியஸ்’னார்.”

அக்கா காபியைக் கீழே வைத்தாள். “அஃபிஷியஸ்? அந்த வார்த்தையேவா?”

“அதேதான். ஸ்கூல்ல படிச்சிருக்கேனே. அதிகப்பிரசங்கி. கூப்பிடாத இடத்துல மூக்கை நுழைக்கறவ.”

“அப்புறம்?”

“‘இவ பண்ணினதை நான் ரிசென்ட் பண்றேன், சாகற வரைக்கும் ரிசென்ட் பண்ணுவேன்’னார்.” சின்னவளின் குரல் உடைந்தது. “ரிசென்ட்னா உள்ளுக்குள்ளயே கறுவிக்கிட்டு இருக்கறதுதானே? வந்தவங்கள்ல ஒருத்தராவது ‘சின்னப் பொண்ணு, விடுங்க சார்’னு சொல்லணுமே! எல்லாரும் ஆமாம் ஆமாம்னு தலையை ஆட்டறாங்க. ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கறார்.”

அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன. “என்னைப் பத்தி இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அவர் அப்படிச் சொன்னதில்லைடி.”

“நீங்க சொந்தப் பொண்ணு. உங்களைச் சொல்வாரா?” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “என்னைப் பிடிக்கலைன்னு எனக்கு முதல்லயே தெரியும். புது ஸ்கூலுக்கு மொதமொதல்ல போறதுக்கு முந்தின நாளே, ‘நாளைக்கு நான் உன்னை ப்ரிவென்ட் பண்றேன், பயப்படாதே’ன்னார். தடுக்கவும் தடுப்பாராம், பயப்படவும் கூடாதாம்! காலையில பார்த்தா கொட்டற மழையில ஸ்கூல் கேட்டை மறிச்சுக்கிட்டு, குடையும் கையுமா நிக்கறார்.”

“நீ என்ன பண்ணினே?”

“பின்பக்கச் சுவரேறிக் குதிச்சு உள்ளே ஓடிட்டேன்.”

“அடிப்பாவி!” அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “மத்தியானம் வரைக்கும் உன்னைக் காணோம்னு நின்னு ஜுரத்தை வாங்கிக்கிட்டு வந்தாராமே! ஆமா, அவருக்கு எங்கே வேலை, சொல்லு.”

“அகராதி ஆபீஸ்ல. இங்கிலீஷ் அகராதி.”

“எந்தக் காலத்து இங்கிலீஷ்?”

“இங்கிலீஷ்ல காலம் வேறயா?”

“சரி, நாத்தம்னா என்ன?”

“கெட்ட வாடை.”

“பழைய தமிழ்ல?”

“வாசனை. தமிழ் மிஸ் சொல்லியிருக்காங்க.”

“அங்கேயும் அதே கதைதான். இங்கிலீஷ்ல வழக்கொழிஞ்சு போன அர்த்தங்களுக்குன்னே ஒரு அகராதி போடறாங்க. உங்க சார் முப்பது வருஷமா அதுக்குள்ளதான் குடியிருக்கார். நேரா நன்றி சொல்லணும்னா மனுஷனுக்குத் தொண்டை அடைச்சுக்கும். அந்தக் காலத்துல அஃபிஷியஸ்னா, கூப்பிடாமலே ஓடி வந்து உதவி செய்யறவ. ரிசென்ட் பண்றதுன்னா, அந்த நன்றியை நெஞ்சுக்குள்ள வெச்சிருக்கறது.”

“அப்போ… ப்ரிவென்ட்?”

“ஒருத்தர் வர்றதுக்குள்ள, அவங்களுக்கு முன்னாடி போய்த் துணைக்கு நிக்கறது.”

சின்னவள் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அக்கா, நாளைக்கு நீங்களும் அம்மாவும் அவரைக் கூட்டிட்டு வாங்க. நான் முன்னாடியே போயிடறேன்.”

“மறுபடியும் ஹாஸ்டலா?”

“இல்லை, நம்ம வீட்டு வாசலுக்கு. அப்பாகிட்ட சொல்லிடுங்க, நாளைக்கு நான் அவரை ப்ரிவென்ட் பண்ணப் போறேன்னு!”