பல் பட்ட இடம்

“செருப்பப் போடு கீர்த்தி! ஆஸ்பத்திரிக்கு இப்பமே போகணும்.”

ராஜபாண்டியன் பைக் சாவியைத் தேடிக்கொண்டே கத்தினார். சாவி அவர் கையில்தான் இருந்தது.

பத்து வயது கீர்த்திகா சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நின்றாள். பால் கிண்ணத்தை நகர்த்தியபோது வீட்டுப் பூனை கடித்துவிட்டது. இரண்டு ரத்தப் பொட்டுகள்.

“சோப்புப் போட்டுக் கழுவியாச்சுங்க. நாளைக்கு அவளுக்குப் பரீட்சை. எதுக்கு இம்புட்டுப் பதறுறீக?” என்றாள் மனைவி பொன்னுத்தங்கம்.

“வெறிநோய் வந்தா உசுருக்கே ஆபத்து தங்கம். ஊசி போட்டே ஆகணும்.”

“அதுக்குத்தான பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கு? நீங்கதான கூடையில வெச்சு டாக்டர்ட்டத் தூக்கிட்டுப் போனீக?”

அவர் வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். மகளின் விரலை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

திருத்தங்கலில் அவர் நடத்தும் அச்சு பிரஸ்ஸிலிருந்து செல்போனில் அழைப்பு வந்தது. காலண்டர் லோடு ஏற்ற லாரி வந்து நிற்கிறதாம். “நிக்கட்டும்!” என்று துண்டித்தார்.

சீசன் நேரத்தில் லாரியைக் காக்க வைக்கிற ஆளா இவர்? பொன்னுத்தங்கத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“புரியுதுங்க. வந்த நாள்ல இருந்தே உங்களுக்கு அதக் கண்டா ஆகாது. இதான் சாக்குன்னு துரத்தப் பாக்கீக.”

“பூனையத் துரத்தாதீங்கப்பா!” கீர்த்திகா அழ ஆரம்பித்தாள். “எனக்கு ஊசியும் வேண்டாம்.”

பொன்னுத்தங்கம் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள்.

“தடுப்பூசி சர்டிபிகேட்டு இந்தா இருக்கு. பூனையப் பதியுற ஆபீஸ்லயே இதப் பாத்துத்தான் நம்பர் குடுத்தாக. சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு. பிள்ளைய நான் அனுப்ப மாட்டேன்.”

மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“அத நம்பாத தங்கம். கிளினிக்ல கூட்டம்னு பாதியிலயே திரும்பிட்டேன். அந்த சர்டிபிகேட்டு நம்ம பிரஸ்ல நானே அடிச்சது.”

அவள் உறையிலிருந்து தாளை உருவித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒண்ணுக்காக மிஷின ஓட்டுனா ஒரு பெரிய தாளுக்கு எட்டு சர்டிபிகேட்டு விழுந்துச்சு,” என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. “வீணாப் போகுதேன்னு மிச்ச ஏழையும் நம்ம தெருவுல பூனை வளக்குறவுகளுக்குக் குடுத்துட்டேன்.”