வேண்டப்பட்ட ஒருவன்

நகரப் பேருந்து ஓட்டும் அக்கா, பணிக்குக் கிளம்பும் நேரத்தில் தன் சீருடைப் பையிலிருந்து ஒரு கஞ்சாப் பொட்டலத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசைமீது வைத்தாள். எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்த தம்பியின் முகம் வெளிறியது.

"என்னக்கா இது? நீயா?"

"ஏன், இழுத்தா என்ன ஆகும்?"

தம்பிக்குச் சட்டென்று தெம்பு வந்துவிட்டது. அறிவுரை வழங்குவதில் அவனுக்கிருந்த தேர்ச்சி, கல்லூரித் தேர்வுகளில் ஒருநாளும் இருந்ததில்லை.

"உனக்கென்ன மறை கழண்டுபோச்சா? அம்பது பேரை ஏத்திக்கிட்டு நேரா ஆத்துல இறக்கப் போறியா? வண்டி முங்குறப்பவும் ஈன்னு இளிச்சுக்கிட்டு உக்காந்திருப்ப!"

"சிரிப்புதானே? நல்லதுதானேடா."

"சிரிப்பெல்லாம் முதல் மாசந்தான். அப்புறம் ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை படிச்சாலும் மண்டையில ஏறாது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாக்கூட எரிஞ்சு விழத் தோணும். யார் குடுத்தது இதை?"

"குடுக்கல. எனக்கு ரொம்ப வேண்டப்பட்ட ஒருத்தன்கிட்ட இருந்தது. நான் தொடமாட்டேன்டா. அவனை எப்படி நிறுத்த வைக்கிறதுன்னுதான் தெரியல."

"வேண்டப்பட்டவனாம்! தண்டச்சோறு. அவனையெல்லாம் ஒரு ஆளுன்னு தூக்கி வச்சுக்கிட்டு..."

"அப்படிப் பேசாதடா. நல்ல பையன். கெட்டுப் போயிடுவானோன்னு பயமா இருக்கு. கன்னத்துல நாலு விடட்டுமா?"

"விட்டுப் பாரு. அந்தக் கோவத்துல கூட நாலு இழுப்பான்."

"மூளை கெட்டுப்போகும்னு எடுத்துச் சொன்னா?"

"அதான் காலேஜ்லயே பெரிய திரை கட்டிப் படம் போட்டுக் காட்டுனாங்களே. கொட்டாவிதான் வந்துச்சு."

"அப்ப என்னதான்டா செய்யறது?"

தம்பி பொட்டலத்தைப் பார்த்தான். ஏளனம் வடிந்து, குரல் தணிந்தது.

"பக்கத்துல உக்காந்து, ஏன் இழுக்கறன்னு கேளு. சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காத. அதைத்தான் ஒரு ஜென்மமும் செய்யறதில்ல."

அக்கா பணிமனையைத் தொலைபேசியில் அழைத்து, இன்று வர இயலாதென்று தெரிவித்தாள். பின்னர், நாற்காலியை அவனருகே நகர்த்திப் போட்டு அமர்ந்தாள்.

"சொல்லு தம்பி. நீ ஏன் இழுக்கற?"