எட்டடியில் தண்ணீர்

இரண்டு இடத்தில் எழுநூறு அடி துளைத்தும் வெறும் புழுதிதான் கிளம்பியது. மூன்றாவதும் பொய்த்தால் மக்காச்சோளம் மொத்தமும் சருகு. விவசாயி கையைப் பிசைந்தார்.

"கவலைய விடுங்க. இதுக்கடியில ஆறே ஓடுது!" என்றார் நீரோட்டம் பார்ப்பவர்.

போர்வெல் வண்டி உறுமியது. எட்டே அடிதான், தண்ணீர் வண்டி உயரத்துக்குப் பீறிட்டது!

"என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்லண்ணே!" என்றார் டிரில்லர்.

விவசாயி அள்ளிக் குடித்தார். லேசாக மருந்து வாசனை. இருந்தால் என்ன, அமிர்தம்!

வாய்க்கால் நிறைந்ததும் மனைவிக்கு போன் போட்டார். "தண்ணி வந்துடுச்சுடி!"

"அங்க வந்துடுச்சா? இங்க ஊருக்கே நின்னுபோச்சுங்க. குடிதண்ணி வர்ற மெயின் குழாய எந்தப் படுபாவியோ உடைச்சுட்டானாம்!"

திரும்பினார். நீரோட்டம் பார்ப்பவரைக் காணோம்.

"தம்பி... இதை மூட முடியுமா?"

டிரில்லர் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஓட்டை போடத்தான் தெரியும்ண்ணே."