ஓவர்டைம்

“இன்னைக்கும் வேலை முடியலைங்க. தலைக்கு மேல கிடக்கு. வர லேட்டாகும்” என்று போனில் சொன்னாள் அவள். குரலில் களைப்பு சொட்டியது.

“பரவாயில்ல, மெதுவா வா. கிளம்புறப்போ மட்டும் மறக்காம ஒரு போன் பண்ணிடு” என்றார் கணவர். அவருக்குப் பின்னால் ஒரே இரைச்சல். அருவி ஓசையைப் போட்டுக்கொண்டு மூச்சுப் பயிற்சிக்கு உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

போனை வைத்தவள், அணைந்து கிடந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் காலை நீட்டிச் சாய்ந்தாள். “மாமா, அந்தச் சிப்ஸை இந்தப் பக்கம் தள்ளுங்க” என்றாள்.

கட்டட வரைபடம் போடும் சின்ன அலுவலகம் அது. முதலாளி சாயங்காலமே கிளம்பிவிடுவார்; சாவி அவளிடம். மற்றவர்கள் போனதும் மாமனார் ‘வாக்கிங்’ வந்து சேர்வார். மகள் ‘ஸ்பெஷல் கிளாஸ்’ வந்து சேர்வாள். டியூப்லைட் பளிச்சென்று எரிய, மூவரும் சீட்டாடுவார்கள், சண்டை போடுவார்கள், சத்தமாகச் சிரிப்பார்கள். அந்தக் கட்டடத்திலேயே அதிகம் பேர் ஓவர்டைம் பார்க்கும் அலுவலகம் அதுதான் என்று வாட்ச்மேனுக்கு ஒரு மரியாதைகூட உண்டு.

எல்லாம் அவள் கணவர், உடம்பையும் மனசையும் தளர்த்தச் சொல்லித்தரும் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்வந்த பிறகு ஆரம்பித்தது. அவர் கணக்குத் தணிக்கையாளர். கம்பெனி செலவில் போனவர், திரும்பும்போது ஒரு பை நிறையச் சாமான்களோடு வந்து வீட்டின் நிம்மதியையும் தணிக்கை செய்யத் தொடங்கிவிட்டார்.

இருட்டுகிற நேரத்தில் எல்லார் போனையும் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். அவருடையது மட்டும் அருவி ஓசைக்காக வெளியே இருக்கும். ஆள் முகம் ஆளுக்குத் தெரியாத மஞ்சள் விளக்கு, மூக்கை அரிக்கும் வாசனைப் புகை. டீக்குப் பதில் ஏதோ ஒரு காய்ந்த பூவைக் கொதிக்கவைத்த தண்ணீர். வரிசையாகப் பாயில் உட்கார்ந்து தளர வேண்டும். தோள் சரியாகத் தளரவில்லை என்றால் முதலிலிருந்து தளர வேண்டும்.

மகள் படிக்க மேசை மேல் ஒரு கடிகாரம் வைத்தார். கணக்கு பிடிபடுகிற நேரம் பார்த்து அது மணியடிக்கும். உடனே பேனாவை வைத்துவிட்டு ஓய்வெடுத்தாக வேண்டும். ஓய்வு சுகமாக இருக்கும்போது மறுபடி மணியடிக்கும்.

மாமனார் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். பணிமனையில் இன்ஜின் ஓடும்போதே பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்ட மனிதர். அவர் மணிக்கட்டில் தூக்கத்தை அளக்கும் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டார் மகன். தான் சரியாகத் தூங்குவதில்லை என்ற விஷயமே அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தக் கவலையில் உண்மையிலேயே தூக்கம் போய்விட்டது.

இன்றைக்குச் சீட்டைக் கலைத்துப் போட்டும் அவளுக்கு மனசு ஒட்டவில்லை. மனுஷன் யாருக்காக இவ்வளவும் செய்கிறார், நமக்காகத்தானே. அங்கே தனியாகப் பாயில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார், நாம் இங்கே சிப்ஸ் தின்கிறோம் என்று புலம்பினாள். இன்றைக்கே சொல்லிவிடலாம் என்றாள். மாமனார் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

“சொன்னா உடைஞ்சு போயிடுவாம்மா. சின்ன வயசுல இருந்தே அவன் அப்படி. ஒண்ணைச் சரின்னு சொல்லிட்டா, தப்புன்னு தெரிஞ்சாலும் வாயைத் திறக்க மாட்டான்.”

அப்போது லிஃப்ட் வந்து நிற்கும் ஓசை கேட்டது. காலடிச் சத்தம் நேராக அவர்கள் அலுவலகத்தை நோக்கி வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தோளில் பையோடு தெரிந்த உருவத்தைப் பார்த்ததும் மகள் மேசைக்கு அடியில் புகுந்தாள். மாமனார் வரைபடச் சுருள்கள் நிறுத்தியிருந்த மூலையில் போய் ஒண்டினார். அவர் தொப்பை ஒண்டவில்லை. அவள் அகப்பட்ட வரைபடத்தை விரித்து அதன் மேல் கவிழ்ந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு கணவர் உள்ளே வந்தார். வாசலில் கிடந்த அப்பாவின் செருப்பைப் பார்த்தார். மகளின் செருப்பைப் பார்த்தார். மனைவி தலைகீழாக விரித்து வைத்திருந்த வரைபடத்தையும் அதன் மேல் கிடந்த சீட்டுக்கட்டையும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

போச்சு, ஓவர்டைம் பார்க்கிற மனைவியைத் தளர வைக்கச் சாமான்களோடு இங்கேயே வந்துவிட்டார் என்று நினைத்தாள் அவள். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வேலை ஒன்றும் இல்லை என்றாள். தளர்ந்து தளர்ந்து உடம்பெல்லாம் வலிக்கிறது என்றாள். குழந்தையையும் மாமாவையும் திட்ட வேண்டாம், எல்லாம் தன்னுடைய யோசனைதான் என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவர் பையை இறக்கி வைத்தார். காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிப்ஸ் பொட்டலத்துக்குள் கையை விட்டார். மேசைக்கு அடியிலிருந்து மகள் மெல்ல எட்டிப் பார்த்தாள்.

“இங்க எதுக்குங்க வந்தீங்க?” என்றாள் மனைவி மெதுவாக.

அவர் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

“தினமும் உட்கார்ற டீக்கடையை இன்னைக்குச் சீக்கிரமே சாத்திட்டாங்க. நான் வேற எங்கதான் போறது?”