வர்றேன்

நடுக்கடலில் அருளப்பனின் வலையும் அக்கரை நாட்டு மீனவர் ஒருவரின் வலையும் சிக்கிக்கொண்டன. இருவரும் பேசிச் சிரித்தபடியே பிரித்தெடுத்தார்கள். கிளம்பும்போது அருளப்பன் வழக்கம்போல, "சரிண்ணே, வர்றேன்" என்றான்.

அக்கரை ராணுவம் கடலில் மிதக்கவிட்டிருந்த ஒட்டுக்கேட்கும் இயந்திரத்துக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தமிழர்களைத்தான் தெரியாது. 'வருகிறானாம்' என்று தலைநகருக்குச் சொன்னது. நான்கு போர்க்கப்பல்கள் வந்தன. அதைக் கண்ட நம் பக்கத்து இயந்திரம் ஆறு கப்பல்களை வரவழைத்தது.

ஒன்பது நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒப்பந்தம் கையெழுத்தானது. விடைபெறும் மீனவர்கள் இனி "போறேன்" என்றுதான் சொல்ல வேண்டும், பழக்கத்துக்காக வீட்டிலும். இரு நாடுகளும் தங்களுக்கே வெற்றி என்றன. பிறகு ஒரே கடையில் இன்னும் ஆளுக்கு இருநூறு இயந்திரம் வாங்கி, மீனவர் வீட்டு வாசல்களில் மாட்டின.

மறுநாள் விடிகாலை அருளப்பன் வாசல் இயந்திரத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடி மனைவியிடம், "செலஸ்தீனா, போறேன்" என்றான்.

"வாயக் கழுவுங்க! கடலுக்குப் போற மனுசன் சொல்ற சொல்லா இது?"

"சட்டம் புள்ள."

"அப்ப சட்டத்தையே மீன் புடிச்சிட்டு வரச் சொல்லுங்க." படகுச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஒரு படகும் கடலில் இறங்கவில்லை.

மாலையில், நம்மூர்க்காரரான பாதுகாப்பு அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, இன்று எல்லையில் ஊடுருவல் பூஜ்யம் என்று அறிவித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் பெரிய கும்பிடாகப் போட்டு, "அப்ப நான் வர்றேன்" என்றார்.

அக்கரையில் எட்டுக் கப்பல்கள் கிளம்பின.