பக்கத்தில் நின்றவர்

நிர்வாகத்தின் அனுமதியோடுதான் ஊழியர்களுக்குப் போலி லாகின் பக்கத்தை அனுப்பினேன். போனுக்கு வரும் ஓடிபியையும் அதில் தட்டிவிடுகிறார்களா என்று பார்க்கும் சோதனை. கணக்குப் பிரிவு அக்கா ஒருவர்தான் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் அவரிடம் கேட்டேன். “ஓடிபியைக் குடுக்கக் கூடாதுன்னு தெரியாதாக்கா?”

“நல்லா இருக்கே தம்பி. பக்கத்துலயே நின்னு, ‘சும்மா போடுங்க, டெஸ்ட்தானே’ன்னு சொன்னது யாரு? இதே சட்டைதான் போட்டிருந்தீங்க.”

நேற்று நான் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தேன். சட்டை இன்று காலையில் பிரித்த புதுச் சட்டை.

சிரித்து மழுப்பிவிட்டு என் அறைக்கு வந்தேன். அங்கே வேறு யாருமில்லை. கேட்காமலே என் போனுக்கு ஓர் ஓடிபி வந்தது.

“சும்மா சொல்லு, டெஸ்ட்தானே,” என்றது முதுகுக்குப் பின்னால் என் குரல்.

மூன்று இலக்கங்களைச் சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டேன். மீதி மூன்றையும் அதுவே சொல்லி முடித்தது.