சொல்லாமல் போவது

தேயிலைத் தோட்டத்து நாய்களுக்கு ஊசி போட வந்த டொக்டரிடம் துஷாந்தினி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“நான் வெளிய போனாலே அழுவுதுங்க. சோறும் எறங்காது. என்ன செய்யலாம்?”

“நாயக் கூட்டிட்டு வரலையா?”

“லயத்து வீட்டுல தூங்குதுங்க.”

“கொஞ்சங் கொஞ்சமா விட்டுப் பழக்குங்க. நீங்க உடுத்துன துணியப் பக்கத்துல போடுங்க. போறப்ப கொஞ்சாதீங்க. போயிட்டு வாரேன்னும் சொல்லாதீங்க. எவ்வளவு நேரம் தனியா விடணும்?”

அவள் லயத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்ட காலையில், துவைக்காத சேலையைப் பாயில் போட்டாள். நாலு வயது மகன் தூக்கத்திலேயே அதை இழுத்து முகத்தோடு அணைத்துக்கொண்டான்.

கீழ் ரோட்டில் மாத்தளை பஸ் ஹோர்ன் அடித்தது. கணவன் அவள் பெட்டியைத் தூக்கினான்.

டொக்டர் சொன்னபடியே, துஷாந்தினி எதுவும் சொல்லாமல் வாசலைத் தாண்டினாள்.